ஒரு மலிவான பிளேரிங் பெட்டியும் மாருதி 800-இன் பின் பிரேக் பைப்பும்

நாகர்கோவிலில் ஓர் உதிரிபாகக் கடையில் 1,450 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய டபுள் பிளேரிங் டூல் பெட்டியை, அதாவது பிரேக் பைப்பின் வாயை விரித்து மடிக்கும் கருவிப் பெட்டியை, பற்றிய மதிப்புரை இது. அதனுடன் வாங்கிய இரண்டு பைப் சுருள்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தப் பெட்டி ஒரு வகைப் பைப்பில் ஒழுங்காகவும் மற்றொன்றில் படுமோசமாகவும் வேலை செய்தது. பைப்பைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் நல்லது என்றோ ஆகாது என்றோ சொன்னால் அது பாதி உண்மையாகவே இருக்கும்.

வண்டி 1999-ஆம் ஆண்டு மாருதி 800. எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் இடையில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இங்கே இரவு முழுவதும் வெளியில் நின்ற வண்டியின் முன்கண்ணாடியைக் காலையில் விரலால் தேய்த்தால் உப்புப் பிசுக்கு ஒட்டும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால், வண்டியின் அடிப்பகுதி முழுதாகக் காய்ந்து கிடக்கும் மாதங்கள் மிகக் குறைவு. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2024-இல் அதற்காக வண்டியைக் காட்டியபோது பிரேக்கில் எந்தக் குறையும் தென்படவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில், திங்கள்நகர் சந்திப்பில் முன்னால் நின்ற பேருந்துக்குப் பின்னால் நிறுத்துவதற்காக மிதித்தபோது, பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் பாதிக்கும் கீழே இறங்கிப் போயிற்று. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பெடலின் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால், ஒன்று கைவிட்டபோது மற்றொன்று காப்பாற்றியது.

வீட்டுக்கு மெதுவாக ஓட்டிவந்து கீழே பார்த்ததில், பின்பக்கம் செல்லும் நீளப் பைப், தரைத்தகட்டோடு அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் அருகில் ஈரமாக இருந்தது. கிளிப்பை நெம்பி எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. வெளியே தெரிந்த பகுதி கறுத்திருந்தாலும் உறுதியாகவே இருந்தது. கிளிப்புக்குள் மறைந்திருந்த முக்கால் அங்குலமோ வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்து, ஸ்குரூ டிரைவரின் நுனியால் மெல்ல அழுத்தியதுமே ஓட்டை விழுந்தது. நனைந்த மணலும் உப்பும் கிளிப்புக்குள் புகுந்தால் வெளியேற வழியில்லை. மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் அந்த இடம் காயாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பைப்பை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி அடையாமல், கிளிப்புகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

அருகிலிருந்த ஒரு பட்டறையில், துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு ஒரு பித்தளை யூனியன் போட்டு இணைத்துத் தருகிறேன், 600 ரூபாய் ஆகும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் போடுகிற, வளையத்தை நெரித்துப் பிடிக்கும் யூனியன் பிரேக்குக்கு ஆனதல்ல. அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அந்த நேரத்தில் வளையம் நழுவிவிட்டால் அடுத்த வாய்ப்புக் கிடையாது. மேலும், ஓர் இடம் இப்படி ஓட்டையானால் அதே வயதுள்ள அடுத்த இடமும் காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். நாகர்கோவிலில் வேறொருவர் முழுப் பைப்பையும் மாற்ற 2,800 ரூபாய் கேட்டார், நியாயமான தொகைதான். ஆனால் அந்த நீளப் பைப் வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை என்பதோடு, இதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது என்பதை ஒளிப்பதற்கில்லை.

முதலில் பக்கத்து வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தம்பியின் பிளேரிங் டூலை இரவல் வாங்கிப் பார்த்தேன். அது பிரேக்குக்கு உதவாது. செம்புக் குழாயின் வாயை ஒரே தடவையாகப் புனல் போல விரிப்பது அவருடைய வேலைக்குப் போதும். அங்கே குழாய்க்குள் இருப்பது சில நூறு பவுண்டு அழுத்தம்தான். பிரேக் பைப்பின் வாயை அப்படி ஒற்றையாக விரித்தால் விளிம்பு மெலிந்து வெடிக்கும். அதனால் முதலில் வாயைக் குமிழ் போலப் பிதுக்கி, பிறகு அந்தக் குமிழை உள்பக்கமாக மடித்து, இரட்டைத் தடிமனில் 45 பாகைச் சரிவுள்ள வாயாக அமைக்க வேண்டும். இதுதான் டபுள் பிளேர். எல்லா வண்டிக்கும் இதுவே என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் குமிழை மடிக்காமல் அப்படியே விடும் வேறு வகை வாய் இருக்கிறது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பழைய பைப்பின் நுனியை வெட்டிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்.

கடைக்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் அளவு சொல்லத் தொடங்கியதும் கையை நீட்டி, "பழைய நட்டு கொண்டு வந்திருக்கியளா?" என்றுதான் முதலில் கேட்டார். அதை வாங்கி ஒரு மாதிரித் துளையில் திருகிப் பார்த்து, 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரி என்று உறுதிசெய்துகொண்டு அதே நட்டுகள் நான்கை எடுத்துக் கொடுத்தார். பைப்பின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. பெட்டியைக் காட்டும்போது, "இரும்பு பைப்புக்கு இது தாங்காது சாரே, செம்பு கலந்ததுலயே போடுங்க" என்று தெளிவாகச் சொன்னார். இருபத்தைந்தடி செம்பு-நிக்கல் சுருள் 2,300 ரூபாய், அதே நீளமுள்ள இரும்புச் சுருள் 900 ரூபாய் என்றதும், மூலப் பைப் இரும்புதானே என்று எனக்கு நானே வாதிட்டு இரும்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் திரும்பிப் போய்ச் செம்பு-நிக்கல் சுருளையும் வாங்கினேன். அப்போது அவர் எதுவும் சொல்லாமல் பில் போட்டது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். மேலே நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே, நடுவில் பிளந்து இரண்டு நட்டுகளால் இறுக்கும் பிடிச்சட்டம் ஒன்று. அதன்மேல் மாட்டும் கூம்புத் திருகு ஒன்று. வாயைக் குமிழாகப் பிதுக்குவதற்குப் பைப்பின் நுனியில் செருகும் அச்சுகள், அதாவது டைகள், வெவ்வேறு அளவுக்கு ஐந்து. ஒரு சிறிய பைப் கட்டர். கட்டரை முதல் நாளே ஒதுக்கி வைத்தேன். அதன் சக்கரம் ஒரே தடத்தில் சுற்றாமல் திருகாணிப் புரி போலக் கோடு போட்டுக்கொண்டு நகர்ந்தது. குளிர்சாதனத் தம்பியின் கட்டரால்தான் எல்லா வெட்டும் நடந்தது. கூம்புத் திருகு தரமானது. கூம்பின் முகம் மினுமினுப்பாகக் கடையப்பட்டிருக்கிறது, ஓர் இடத்திலும் கீறல் இல்லை. பெட்டியின் விலையில் பெரும்பங்கு இதற்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

குறை முழுவதும் பிடிச்சட்டத்தில் இருக்கிறது. பைப்பைக் கவ்வ வேண்டிய அரைவட்டப் பள்ளத்தில் மெல்லிய புரிக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவை ஆழமில்லாமல், மேலே பூசிய குரோமியத்தில் பாதி மூடிப்போயிருக்கின்றன. டையின் தோள் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குப் பைப்பைச் சட்டத்துக்கு மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் மொத்தக் கணக்கும். திருகும்போது பைப் ஒரு மில்லிமீட்டர் கீழே வழுக்கினாலும் குமிழ் சிறுத்துப் போகும். மடிக்கும்போது வாய் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும்.

இரும்புப் பைப்பில் ஏழு வாய் போட்டுப் பார்த்தேன். இந்தப் பைப் சாதாரண இரும்புக் குழாய் அல்ல. செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உலையில் பற்றவைத்தது என்பதால் நல்ல கடினம். ஏழில் நான்கு வழுக்கின. ஒன்றில் மடிந்த உதட்டின் ஓரத்தில் பிறை போல ஒரு விரிசல் தெரிந்தது. வெறும் கண்ணுக்குத் தப்பிய அதை, மகளின் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. ஆறாவது பார்வைக்குச் சரியாக வந்தது. ஏழாவதில், மிகச் சிறிய டையின் நடுவில் பைப்புக்குள் நுழையும் ஊசி வளைந்து, அதை நிமிர்த்த முயன்றபோது ஒடிந்தது. டை மட்டும் தனியாக 120 ரூபாய்க்குக் கிடைத்தது, அந்த அளவில் தப்பினேன். ஏழில் ஒன்று தேறும் கருவியைப் பிரேக் வேலைக்கு நம்புவது எப்படி? இரும்புப் பைப்தான் போட வேண்டும் என்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். மேசைப் பிடியில் பூட்டி, நெம்புகோலை இழுத்து வாய் போடும் கருவிகள் இருக்கின்றன. விலை பல மடங்கு, ஆனால் அவை இரும்பை அசையாமல் கவ்வும்.

செம்பு-நிக்கல் பைப்பில் கதை வேறு. தொண்ணூறு பங்கு செம்பும் பத்துப் பங்கு நிக்கலும் கலந்த உலோகம் இது. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படுத்துகிற அதே குடும்பம். வோல்வோ நிறுவனம் 1970-களிலேயே தன் கார்களின் பிரேக்குக்கு இதைப் போடத் தொடங்கியது. கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. தூய செம்புக் குழாய் போதாதா, அதைக் குளிர்சாதனக் கடையில் மலிவாக வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம், அது அதிர்வில் இறுகி நாளடைவில் விரிசல் விடும்.

இந்தப் பைப்பில் மூன்று பயிற்சி வாய்களும் இரண்டு உண்மையான வாய்களும் போட்டேன். முதல் பயிற்சியைத் தவிர மற்ற நான்கும் தேறின. சில பழக்கங்கள் கைகொடுத்தன. வெட்டிய நுனியை அரத்தால் தட்டையாக்கி, வெளி விளிம்பைச் சுற்றிலும் இலேசாகச் சரித்து, உள் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். சட்டம் கவ்வும் இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கவே கூடாது. தின்னர் போட்டுத் துடைத்தேன். கூம்பின் முகத்துக்கு மட்டும் ஒரு சொட்டுப் பிரேக் ஆயில். வேறு எண்ணெய் பைப்புக்குள் போனால் ரப்பர் வாசர்கள் ஊதிப்போகும். இதையெல்லாம் சரியாகச் செய்து, கூம்பை மெல்ல இறக்கும்போது, குமிழ் தயங்கி நின்று ஒரு கணத்தில் உள்பக்கமாகக் குழிந்து மடிவதைத் திருகின் கைப்பிடியிலேயே உணர முடியும். கெட்டியான மாவு விரலுக்கு வழிவிடுவது போல. திருகைக் கழற்றிப் பார்த்தால் தாமரை மொட்டின் நிறத்தில், பளபளவென்று, நடுத்துளை நேராக அமைந்த ஒரு வாய். இரண்டாவது பயிற்சி வாய் அவ்வளவு அழகாக வந்தது. பைப்பில் நட்டு கோத்துப் பழக வேண்டும் என்று நினைத்திருந்தும் கோக்காமலே போட்டுவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வாய் விரிந்த பிறகு நட்டு நுழையாது. இதில் கை வைத்த எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்பார்கள்.

நட்டு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சுருளோடு இலவசமாக வந்த நட்டுகள் அங்குலப் புரி உள்ளவை. அவை நம் வண்டியின் துளையில் தொளதொளவென்று ஏறும். ஏறுகிறதே என்று இறுக்கினால் புரி உரிந்து மாஸ்டர் சிலிண்டரே பாழாகும். கடைக்காரர் தனியாகத் தந்த நட்டுகளைத்தான் போட்டேன்.

பைப்பை மாட்டிய விவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. நான்கு ஸ்டாண்டுகள் மீது நிறுத்திய பிறகுதான் கீழே போனேன். பழைய நட்டுகளில் இரண்டு நாள் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்தும், சாதாரணத் திறந்த ஸ்பானர் முனைகளை உருட்டத்தான் பார்த்தது. எப்படியும் தூக்கியெறியப் போகிற பைப் என்பதால் நட்டை ஒட்டி அதை வெட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை முழுதாக மாட்டித் திருகியதும் கழன்றது. புதிய நட்டை இறுக்கும்போது அப்படிச் செய்ய முடியாது. அதற்கென்று 350 ரூபாய்க்கு வாங்கிய 10 எண் பிளேர் நட் ஸ்பானர் (பைப் நுழைய மட்டும் ஓரிடத்தில் திறந்து, நட்டைச் சுற்றிப் பிடிப்பது), இந்த வேலையில் நான் செலவிட்ட காசிலேயே மிக நல்ல காசு. பைப்பைக் கழற்றும் முன் பெடலை ஓரிரு அங்குலம் அழுத்திய நிலையில் இருக்கையோடு ஒரு கம்பை முட்டுக்கொடுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் மேலிருக்கும் தொட்டியிலுள்ள பிரேக் ஆயில் ஒழுகித் தீராது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். நான் மறந்தேன், மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை.

நீளத்தை ஒரு சணல் கயிற்றைப் பழைய பைப்பின் தடத்திலேயே வளைத்துச் சென்று அளந்தேன். செம்பு-நிக்கல் கைக்கு நன்றாக வளைகிறது. கூர்மையான திருப்பங்களுக்கு மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டியைச் சுற்றி வளைத்தேன், எங்கும் நெளியவில்லை. இரும்புச் சுருளிலிருந்து வெட்டிய துண்டை அதே புட்டியில் வளைக்க முயன்றதில் புட்டிதான் உடைந்தது. கிளிப்புகள் எல்லாம் புதியவை. உள்ளே தண்ணீர் தேங்காதபடி ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய துளை ஒன்று போட்டேன். இது என்னுடைய சொந்த யோசனை, பலன் போகப் போகத் தெரியும்.

ஏர் எடுக்கும் வேலைக்கு, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, மகள் பெடலில் உட்கார்ந்தாள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடப் பின்சக்கரத்தில் தொடங்கி நான்கையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தொட்டியின் மூடியில் பொறித்திருந்தபடி டாட் 3 ஆயில், மூடி திறக்காத புட்டியாகப் பார்த்து வாங்கினேன். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 பாகை தாங்கினால் போதும் என்றுதான் தர வரையறையே இருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் திறந்த புட்டியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பதில் பொருளில்லை. மட்கார்டில் சிந்திய இரண்டு சொட்டை உடனே தண்ணீர் விட்டுக் கழுவாததால் அந்த இடத்தில் பெயிண்ட் குமிழ்த்து உரிந்தது. கடைசிச் சக்கரம் முடிந்ததும் மகள், "அப்பா, இப்போ கல்லு மாதிரி நிக்கு" என்றாள். இரண்டு இணைப்புகளிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். காகிதம் நனையவில்லை. அதன் பிறகும் நேரே சாலைக்குப் போகவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து காட்டி, அவர் இணைப்புகளைப் பார்த்துத் தலையசைத்த பின்புதான் தெருவிலேயே மெதுவாக நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தேன்.

கணக்கைப் பார்த்தால் சேமிப்பு என்று எதுவும் இல்லை. பெட்டி, இரண்டு சுருள், டை, ஸ்பானர், நட்டு, கிளிப், ஆயில் என்று 5,700 ரூபாய்க்கு மேல் போயிற்று. நாகர்கோவிலில் கேட்ட 2,800 ரூபாயைப் போல இரு மடங்கு. ஒரே ஒரு பைப்புக்காக இந்தப் பெட்டியை வாங்குவது வீண். முன்சக்கரங்களுக்குப் போகும் சிறிய பைப்புகள் இருபுறமும் வாய் போட்டு, நட்டு கோத்து, ரெடிமேடாகவே கடையில் தொங்குகின்றன. தொழிற்சாலையில் போட்ட அந்த வாய்க்கு நான் போட்டது ஈடாகாது. நீளப் பைப்பும் அப்படிக் கிடைத்தால், அதற்குப் பத்து நாள் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால், அதையே வாங்கலாம். வீட்டில் இரண்டு மூன்று பழைய வண்டிகள் வைத்துக்கொண்டு, தாங்களே வேலை பார்ப்பவர்களுக்கு, செம்பு-நிக்கல் பைப்போடு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தப் பெட்டியைத் தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். கட்டருக்காக ஒன்றும் பிடிச்சட்டத்துக்காக ஒன்றும் குறைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை முழுவதும் ஓட்டி முடித்து, மார்கழியில் கிளிப்புகளைக் கழற்றிப் பார்த்தேன். பைப் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இணைப்புகள் இரண்டும் காய்ந்தே இருந்தன. பெட்டிக்குள் எண்ணெய் தடவாமல் வைத்திருந்த பிடிச்சட்டத்தின் விளிம்பில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. வெட்டிய இரும்புச் சுருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார், அது நியாயம்தான். அதை மனைவி நிமிர்த்தி, கிணற்றடியில் பாகல் கொடிக்குக் கொம்பாக நட்டிருக்கிறாள்.